மெய்யியற் கல்வியிற் பூர்வபக்கம்

கணிதம் பயில்வோன் ஒருவன் சூத்திரத்தை மனத்திற் கொண்டு கணக்கைப் பிழையறச் செய்து முடிப்பானாயின், அவன் கற்றான் என்று கூறுதல் தகும். வரலாறு பயில்வோன் நிகழ்ச்சிகளையும் அவற்றின் காரணங்களையும் முறைப்பட எடுத்துரைப்பின் அதுவும் கல்வியே. மெய்யியலோ இவற்றின் வேறுபட்டது. உடம்பின் வேறாய் உயிர் உண்டு என்பது ஒரு தரிசனத்தின் முடிபு; இல்லை என்பது மற்றொன்றன் முடிபு. இவ்விரு முடிபுகளையும் அவற்றை நாட்டியோர் பெயர்களோடு ஒப்புவிக்கும் மாணாக்கன், அறிஞர் சிலரின் பெயர்களை அறிந்தானேயன்றி மெய்யியலை அறிந்தானல்லன். அவர்களை அம்முடிபுகளுக்கு இட்டுச் சென்ற ஐயம் அவனுக்கும் ஐயமாதல் வேண்டும். அந்த ஐயத்தை இளைஞர் உள்ளத்தில் எழுப்புவது எவ்வாறு? கல்லூரிகள் தோன்றிய காலந்தொட்டு ஆசிரியர்கள் எதிர்நோக்கிய வினா இதுவாகும். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத நாடுகளிலும் இதற்கு ஏறக்குறைய ஒரே விடையே காணப்பட்டமை வியப்பைத் தருவதாம்.

பிறர் கோளை முதற்கண் எடுத்துரைத்து, அதற்குரிய ஏதுக்களையும் எடுத்துக்காட்டுக்களையும் குறைவின்றி வைத்து, அதன் பின்னரே அதனை மறுத்துத் தம் கோளை நிறுவுதல் பாரத நாட்டுத் தரிசன நூலார் கைக்கொண்ட முறை. முன்வைக்கப்படும் பிறர் கோள் பூர்வபக்கம் எனப்படும். அதனைக் கடந்து எய்தும் முடிந்த முடிபு சித்தாந்தம் எனப்படும். ஆகவே சித்தாந்தம் என்னும் சொல்லே தனக்கு முன் ஒரு மாறுபட்ட கோள் நின்றதென்பதைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பூர்வபக்கத்தை அறியாதவன் கையில் சித்தாந்தம் வெறும் செய்தியாய்விடுகின்றது.

நியாய தரிசனத்தின் முதனூலாகிய கௌதமரின் சூத்திரம் விவாதத்தை வாதம், செற்பம், விதண்டை என மூவகையாகப் பகுக்கின்றது. உண்மையைக் காணும் விருப்பினால் இருவர் நிகழ்த்துவது வாதம். வெற்றி ஒன்றையே குறித்து நிகழ்வது செற்பம். தன் கோள் எதனையும் நாட்டாது பிறர் கோளைச் சிதைப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. இவற்றுள் வாதத்தை ஆசிரியரோடும், மாணாக்கரோடும், உடன்பயில்வாரோடும், பொறாமையற்ற நன்மக்களோடும் நிகழ்த்துக என அந்நூல் விதிக்கின்றது. மற்றைய இரண்டும் முளைக்கும் பயிரைக் காக்க இடும் முள்வேலி போல உண்மையைக் காத்தற்கு மட்டும் பயன்படும் என்பதும் அந்நூலின் கருத்தாம். வகுப்பறையில் நிகழவேண்டியது எது, மேடையில் நிகழ்வது எது என்னும் வேறுபாடு இவ்வாறு மிகப் பழைய காலத்திலேயே தெளிவுறுத்தப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவிற் சீலபத்திரரிடம் பயின்ற சீனத் துறவி யுவான் சுவாங், அங்குள்ள வாத மன்றங்களிற் புக விரும்பி வந்த அயலூரார் பலர் வினாக்களின் கடுமைக்கு ஆற்றாது திரும்பிச் சென்றனர் என எழுதிவைத்தார். நுழைவதற்கே வாதத்திறன் வேண்டப்பட்டது என்க.

தமிழிலும் இம்முறை தொன்மையானது. மணிமேகலையின் இருபத்தேழாவது காதையிலே வஞ்சி மாநகரத்துச் சமயக் கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கோளைத் தாமே எடுத்துரைக்க மணிமேகலை கேட்கின்றாள். அவள் பௌத்த அறத்தை ஏற்பது அதற்குப் பின்னரேயாம். குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாக நீலகேசி என்னும் சமண நூல் எழுந்தது. குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைத்திலது. அதன் வாதங்களுட் பலவற்றை நீலகேசியின் வாயிலாகவே அறியக்கூடியதாயிருக்கின்றது. உலகாயதரின் நிலையும் இதுவே. அவர்தம் முதனூல் மறைந்துவிட்டது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் இயற்றிய சர்வதரிசன சங்கிரகம் முதலாய நூல்களில், அவரை மறுக்கப் புகுந்தோர் எழுதிய பூர்வபக்கமே அவர்தம் நினைவைக் காத்து நிற்கின்றது. மறுப்பவன் தன் பகைவனுக்குச் செய்த இந்நேர்மை, காலப்போக்கில் அப்பகைவனுக்குக் கிடைத்த ஒரே புகலிடமாயிற்று.

இம்முறை தமிழிலே நிறைவெய்திய நூல் அருணந்தி சிவாசாரியரின் சிவஞானசித்தியார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு கூறுடையது. பரபக்கத்திலே உலகாயதர், நால்வகைப் பௌத்தர், நிகண்டவாதியும் ஆசீவகனுமாகிய இருவகைச் சமணர், பட்டாசாரியர், பிரபாகரர், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியர், சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினான்கு திறத்தார் கோள்கள் ஆராயப்படுகின்றன. ஒவ்வொருவர் மதமும் முதலில் நிற்கும். அதன் மறுதலை பின்னர் வரும். காண்டலே அளவை, பூதங்களின் கூட்டத்தில் அறிவு தோன்றும் என்னும் உலகாயதன் முதலில் வருவது கருதத்தக்கது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்னும் மூன்றிலும் தனித்தனியே இல்லாத செந்நிறம் அவற்றின் சேர்க்கையிலே தோன்றுவது போல உணர்வும் உடம்பிலே தோன்றியது என்பது உலகாயதர் காட்டும் உவமை. இவ்வுவமையைக் கேட்ட இளைஞன் முதலில் அதனை ஒப்புக்கொள்ளவே விரும்புவான். அவ்விருப்பம் எழாதவிடத்து அதன் மறுப்புக்குப் பொருளில்லை.

அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில், தமிழகத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி, ஐரோப்பாவின் பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதனையொத்த ஒரு முறை ஓங்கி வளர்ந்தது. அங்கே கற்பித்தல் இரு வகையின. ஒன்று நூலைப் படித்து உரை கூறுதல், மற்றையது வாதம். ஆசிரியர் ஒரு வினாவை அவை முன் வைப்பார். கூடியிருப்போர் தடைகளை எழுப்புவர். பட்டம் பெறவிருக்கும் மாணாக்கன் ஒருவன் எழுந்து நின்று அத்தடைகளுக்கு விடை கூறல் வேண்டும். பின்னொருநாள் ஆசிரியர் தாமே வந்து இருபக்கத்து நியாயங்களையும் தொகுத்து முடிபு கூறுவார். எந்த வினாவையும் எவரும் எழுப்பலாம் என்ற பொதுவாதங்களும் ஆண்டில் இரு பருவங்களில் நிகழ்ந்தன. அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவரும் 1274ஆம் ஆண்டில் மறைந்தவருமான தோமஸ் அக்குவைனஸ் எழுதிய பெருநூலின் ஒவ்வோர் இயலும் இவ்வாதத்தின் வடிவிலேயே அமைந்துள்ளது. இறைவன் உளனோ என்னும் வினாவிலே அவர் முதலில் வைப்பன இறைவன் இலன் என்பார் கூறும் நியாயங்கள். உலகிலே தீமை உண்டு, ஆதலின் எல்லையற்ற நன்மையாகிய இறைவன் இருத்தல் இயலாது என்பது ஒன்று. இயற்கையும் மனித முயற்சியுமே உலகத்தை விளக்கப் போதுமானவை, வேறொரு முதல் வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இன்றைய நாத்திகரும் இவற்றினும் வலிய நியாயம் காட்டுதல் அரிது. ஆழ்ந்த பத்திமானாகிய ஒரு துறவி இவற்றைத் தம் மாணாக்கருக்கு எழுதி வைத்தார்.

பாரிஸில் இம்முறை தழைத்தமைக்கு அரிஸ்ரோட்டிலின் நூல்கள் பெருங்காரணமாயின. அவற்றுள் ஒன்று, வினவுவோனும் விடையிறுப்போனுமாக இருவர் பயிலும் வாதப் பயிற்சிக்கு வழிகாட்டுவது. அரிஸ்ரோட்டில் தாமே பிளேற்றோவின் கழகத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு பயின்று, தம் ஆசிரியரின் தலைமைக் கொள்கையாகிய கருத்துருவக் கொள்கையை மறுத்தவர். பிளேற்றோவோ அவருக்கும் ஒருபடி மேற்சென்றார். பார்மெனிடீஸ் என்னும் உரையாடலிலே தம் கொள்கைக்கே வலிய தடைகளை எழுப்பி, முதியவரான பார்மெனிடீஸ் அவற்றைக் கூற இளைஞரான சோக்கிரதீஸ் விடை காணாது தடுமாறுவதாகக் காட்டினார். தம் கோளுக்கு எதிரான பூர்வபக்கத்தைத் தாமே வகுத்த ஆசிரியர் என்ற சிறப்பு அவருக்கு உரியது.

இவ்வாறு கற்பித்தல் எக்காலத்தும் அச்சத்தை விளைத்ததென்பதையும் மறைத்தல் ஆகாது. கி.மு. 155இல் ஏதென்ஸ் நகரத் தூதராக உரோமாபுரிக்குச் சென்ற கார்னியாடீஸ் ஒருநாள் நீதியைப் போற்றிப் பேசி, மறுநாள் அதற்கு மாறாகப் பேசினார். இளைஞர் கூட்டம் மயங்கி நின்றது. முதியவரான கேற்றோ இத்தூதரை விரைவில் ஊருக்கு அனுப்பிவிடுமாறு ஆட்சி மன்றத்தை வற்புறுத்தினார். பாரிஸிலும் 1210இல் அரிஸ்ரோட்டிலின் இயற்கை மெய்யியல் நூல்களைப் படிப்பிப்பது தடைசெய்யப்பட்டது. 1255இல் அதே பல்கலைக்கழகம் அவற்றைப் பாடநூல்களாக விதித்தது. எனினும் 1277இல் நகரத்துப் பேராயர் 219 கோள்களைக் குற்றமுடையன என அறிவித்தார். மாறுபட்ட கோளை வலியுறக் கூறும் மாணாக்கன் அதன் வயப்பட்டுவிடுவான் என்பதே இத்தடைகளுக்கெல்லாம் அடிப்படையான அச்சம். அஃது அடியோடு வீணான அச்சமன்று. கார்னியாடீஸ் இரு பக்கத்தையும் பேசிவிட்டுச் சென்றார், முடிபு கூறவில்லை. பாரிஸ் ஆசிரியரோ முடிபு கூறும் கடமையைத் தம் தலைமேற் கொண்டார். பூர்வபக்கம் மட்டும் நின்று சித்தாந்தம் பின்வராதவிடத்துக் கல்வி விதண்டையாய் முடியும்.

ஆயினும், வரலாற்றை நோக்குமிடத்து, இம்முறை அழிந்தது இத்தகைய தடைகளாலன்று. வடிவம் நின்று உயிர் நீங்கியதே அதற்குக் காரணம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு உரிய வாதங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலும் நிகழ்ந்தன. ஆனால் தடைகளும் விடைகளும் தாளில் முன்னரே எழுதப்பட்டிருந்தன. அத்தாள்கள் ஒரு தலைமுறை மாணாக்கரிடமிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறின. இருவர் எதிரெதிரே அமர்ந்து மனப்பாடம் செய்ததை ஒப்புவித்து எழுந்து சென்றனர். இத்தகைய வாதத்தைக் கைவிட்டு எழுத்துப் பரீட்சையைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றபோது அதற்காக இரங்கியோர் சிலரே.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நேர்ந்த மாற்றம் வேறு வகையானது. சித்தியாரின் சுபக்கத்துக்கு அறுவர் உரை வழங்குகின்றன. அவ்வறுவருள் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர். மற்றொருவர் 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர். ஞானப்பிரகாசரின் கருத்தைச் சிவஞான முனிவர் தனி நூல் எழுதி மறுத்தார் என்பதிலிருந்து, சுபக்கத்தின் உள்ளேயும் வாதம் உயிரோடிருந்தமை தெரியவரும். பரபக்கத்துக்கோ உரை கண்டோர் சிலரே. பௌத்தரும் சமணரும் தமிழகத்தில் அருகிய பின்னர் அவர் கோளை ஆராய்வானேன் என்ற எண்ணம் தோன்றியிருக்கலாம். எதிரி அவைக்கு வாராதபோது பூர்வபக்கம் ஏட்டில் உறங்குவது இயல்பே. ஆனால் உலகாயதன் பெயர் மாறி வந்தானேயன்றி வாராதொழிந்தானல்லன். உணர்வு என்பது மூளையின் தொழிற்பாடே என்று கூறும் இக்கால அறிவியல் நூலைப் படிக்கும் மாணாக்கன், வெற்றிலையும் சுண்ணாம்பும் பற்றிய பழைய உவமையின் புதிய வடிவத்தையே காண்கின்றான். சுபக்கத்தை மட்டும் ஓதியவனுக்கு அந்நூலின் முன் பேசுவதற்குச் சொல் இராது.

எதிர்க்கோளை ஆராய்தலால் விளையும் எதிர்பாராத பயனுக்கு ஈழத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தலைமையாசிரியராயிருந்த கொய்சிங்டன் பாதிரியார் சைவத்தை ஏற்றவரல்லர். ஆயினும் அதன் சாத்திரங்களைத் தமிழிலே முறையாகப் பயின்று, தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலத்திற் பெயர்த்து விளக்கினார். அவை 1854இல் அமெரிக்காவிலே அச்சாயின. சைவ சித்தாந்தத்தை ஆங்கில உலகிற்கு முதலில் அறிமுகஞ் செய்தோருள் ஒருவர் அதற்கு மாறுபட்ட கோளுடையவரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நூலைப் பாடமாக வைத்துக்கொண்டே அதனோடு வாதிடுதல் கூடும் என்பதைக் காட்டியவர் யேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். அவர் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1755 முதல் 1796 வரை நாற்பதாண்டுக்கு மேலாக விரிவுரையாற்றினார். தம் பெருநூல்களை அவர் வகுப்பிலே பாடமாக வைக்கவில்லை. அளவையியலுக்கு மையரின் நூலையும், பௌதிகவதீதத்துக்குப் பௌம்கார்ட்டனின் நூலையும் கையிற் கொண்டு, வாக்கியந்தோறும் நின்று, உடன்பட்டும் மறுத்தும் பேசினார். அவர் கையாண்ட பிரதிகளின் ஓரங்களெல்லாம் அவர்தம் குறிப்புக்களால் நிறைந்தன. 1765இல் தம் விரிவுரைகளைக் குறித்து வெளியிட்ட அறிவித்தலில், மாணாக்கன் கற்கவேண்டுவன பிறர் எண்ணங்களல்ல, எண்ணும் ஆற்றலே என்னும் கருத்தை வற்புறுத்தினார். அவரிடம் பயின்ற ஹேர்டர் பிற்காலத்தில் அவரோடு கருத்து மாறுபட்டார். எனினும், மாணாக்கரைத் தாமே சிந்திக்குமாறு தூண்டிய ஆசிரியர் எனக் காண்டைப் போற்றி எழுதினார். மாறுபட்ட மாணாக்கன் கூறும் புகழே ஆசிரியருக்குத் தக்க சான்றாம்.

இலங்கையில் உயர்கல்வி வளர்ந்த வரலாறு இம்முறைக்கு எளிதில் இடந்தரவில்லை. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணாக்கரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்தது. கற்பிப்பவர் இங்கே, முடிபு கூறுபவர் கடல் கடந்து. இந்நிலையில் விடையைச் செம்மையாக எழுதப் பழக்குவதே ஆசிரியரின் முதற்கடமையாயிற்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் பரீட்சிக்கும் உரிமை நாட்டுக்கு வந்தது. 1960 தொடக்கம் கலைப்பிரிவிலே தாய்மொழி வழிக் கல்வி வந்தபோது, தமிழிலே மெய்யியல் நூல்கள் போதியன இல்லாமையால், ஆசிரியர் சொல்ல மாணாக்கர் எழுதும் குறிப்பே பாடநூலாகும் நிலை பல இடங்களில் நேர்ந்தது. ஒக்ஸ்போட்டின் பழைய தாள்களுக்கும் இக்குறிப்புக்களுக்கும் வேற்றுமை பெரிதன்று.

இவற்றிடையே பழைய முறை முற்றும் மறைந்ததுமில்லை. பேராதனையில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க கேம்பிறிட்ஜிலே வித்கென்ஸ்ரைனின் வகுப்பிற் பயின்றவர். எழுதிய உரையை வாசியாது, மாணாக்கர் முன்னிலையிலேயே ஒரு வினாவோடு மல்லாடிச் சிந்திப்பது வித்கென்ஸ்ரைனின் வழக்கம். ஜயதிலக்க 1963இல் வெளியிட்ட ஆதி பௌத்த அறிவாராய்ச்சி பற்றிய நூல், வைதிகர், உலகாயதர், ஐயவாதியர், ஆசீவகர், சமணர் ஆகியோரின் கோள்களை முதலில் விரிவாக ஆராய்ந்த பின்னரே பௌத்தத்தினுட் புகுகின்றது. அமைப்பு நோக்கில் அஃது ஒரு பரபக்கமும் சுபக்கமுமே எனலாம்.

இவ்வரலாற்றினின்று கல்லூரி ஆசிரியர் கொள்ளத்தக்கவை வெளிப்படை. எதிர்க்கோளைக் கூறும் மாணாக்கன் அக்கோளுடையார் கேட்டு “ஆம், யாம் கூறுவதும் இதுவே” என்று ஒப்புமாறு கூறல் வேண்டும். பொய்யான எதிரியை நிறுத்தி வீழ்த்துவது நகைப்புக்கு இடமாம். உயிர் உண்டு என நம்பும் மாணாக்கனே உலகாயதன் பக்கத்தைப் பேசுதல் நன்று. ஐயுறுபவன் சித்தாந்தியின் பக்கத்தைப் பேசுதல் நன்று. தடைகள் முன்னரே எழுதித் தரப்பட்டவையாய் இருத்தலாகாது. அவையிலிருந்து எழுதல் வேண்டும். ஈற்றில் ஆசிரியர் தம் முடிபைக் காரணங்களோடு கூறி, அதற்கும் தடை எழுப்ப இடமளித்தல் வேண்டும். க. பொ. த. உயர்தர வகுப்பிலே அளவையியலும் விஞ்ஞான முறையும் பயிலும் மாணாக்கருக்கு இப்பயிற்சி வாய்ப்பின், அவர்கள் மனனஞ் செய்யும் போலிகளின் பெயர்கள் உயிர்பெறும். தம் பேச்சிலேயே போலியைக் கண்டுபிடித்தவன் அதன் பெயரை மறவான்.

பாடத்திட்டம் நீண்டது, காலம் குறுகியது, பரீட்சை அண்மையது என்னும் தடை இங்கே எழும். அது மெய்யான தடையே. பதினான்கு மதங்களையும் வகுப்பிலே வாதித்தல் இயலாது. ஆயினும் தவணைக்கு ஒரு வினாவையேனும் இம்முறையில் நிறைவாக ஆராய்தல் இயலும். ஒரு கோளை அதன் முழு வலிமையோடும் ஒருமுறை எதிர்கொண்ட மாணாக்கன் ஏனையவற்றை நூலிலே படிக்கும்போதும் அவற்றின் எதிரியைத் தானே தேடுவான். வினாத்தாள் வகுப்போரும் ஒரு கோளை விளக்குக என்பதோடு அமையாது, அதற்கு எழத்தக்க வலிய தடை யாது எனவும் வினவுவாராயின், வகுப்பறை தானே அவ்வழிச் செல்லும்.

பல இனத்தாரும் பல சமயத்தாரும் வாழும் ஒரு தீவிலே இப்பயிற்சியின் பயன் பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. மாற்றான் கூறுவதை அவன் கருத்துக் கோணாமல் எடுத்துச் சொல்லக் கற்றவனே அவனை மறுக்கும் உரிமை பெறுகின்றான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அருணந்தியார் தம் சித்தாந்தத்தைக் கூறுமுன் பதினான்கு திறத்தாருக்கு அவையில் இடமளித்தார். அவர் நூலைப் போற்றும் கல்லூரிகள் அந்த அவையை வகுப்பறையிலே மீண்டும் கூட்டுதல் அவருக்குச் செய்யும் தக்க வழிபாடாகும்.